தாமதம் ரெடியா?

“தாமதம், ரெடியா இல்லையா?” என்று கோடாலி கத்தியபோது, அறிவிப்பாளர் ஓர் அரக்கனுக்கு முன்னால் நடனமாடிக்கொண்டிருந்தார்.

ஆட வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. ஒரு வாக்கியம் டைப் அடிக்கத்தான் நினைத்தார். ஒற்றை விரலால் ஓர் எழுத்தைத் தேடி அமுக்கினால், திரையில் வாளோடு நின்ற வீரன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அடுத்த எழுத்துக்குக் கேடயத்தைக் கழற்றிக் கீழே போட்டான். மூன்றாவது எழுத்துக்கு இடுப்பில் கைவைத்து ஆட ஆரம்பித்துவிட்டான். அரக்கனுக்கே என்ன செய்வதென்று ஒரு கணம் தெரியவில்லை. பிறகு தெரிந்துவிட்டது.

நான்கு வீரர்களும் செத்து விழுந்தார்கள்.

“தாமதம் டான்ஸ் ஆடியே நம்மளைக் கொன்னுட்டாப்ல” என்றான் தூக்கம், கொட்டாவிக்கு நடுவில்.

அறிவிப்பாளர் டைப் அடிக்க வந்த வாக்கியம் இதுதான்: என் மகன் இறந்துவிட்டான்.

அறிவிப்பாளர் என்றால் ரயில் நிலைய அறிவிப்பாளர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த பிளாட்பாரத்துக்கு வரும், எது எவ்வளவு நேரம் தாமதமாகும் என்று பயணிகளுக்குச் சொல்கிற வேலை. நல்ல செய்தி சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைத்ததில்லை. நேரத்துக்கு வருகிற வண்டிக்கு யாரும் காது கொடுப்பதில்லை, வராத வண்டிக்குத்தான் அவர் குரல் வேண்டும். ‘ஏற்படும் தாமதத்திற்கு வருந்துகிறோம்’ என்று அவர் சொன்னால் நிஜமாகவே யாரோ உட்கார்ந்து வருந்துவது போலிருக்கும் என்று ஸ்டேஷனில் பேசிக்கொள்வார்கள்.

வீட்டில் அந்த வாக்கியத்தைக் கேலி செய்தே வளர்ந்தான் மகன். எவ்வளவு நேரமாகக் குளிக்கிறாய் என்று கேட்டால், குளியலறைக்குள்ளிருந்து அப்பாவின் குரலிலேயே வருந்துவான். கம்ப்யூட்டர் விளையாட்டில் தனக்குத் ‘தாமதம்’ என்று பெயர் வைத்துக்கொண்டதும் அந்தக் கேலியில் சேர்த்திதான்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வரவில்லை. அவனே பைக்கை எடுத்துக்கொண்டு, சாயங்காலம் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனான். பிறகு பைக்கை மட்டும் யாரோ கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார்கள்.

துக்கம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாம் போன பிறகு, மகனின் அறையில் கம்ப்யூட்டர் இன்னும் ஓடிக்கொண்டிருப்பதை அறிவிப்பாளர் பார்த்தார். போகிற அவசரத்தில் அவன் அணைக்கவில்லை. இவர் அணைக்கலாமென்று போய், திரையில் இருந்ததிலேயே பெரிய பட்டனை அமுக்கினார். அதுதான் விளையாட்டுக்குள்ளே போகிற பட்டன். மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து எறும்பு பேசுவது போலக் குரல்கள் கேட்டன. எடுத்துக் காதில் வைத்தார்.

“டேய், தாமதம் வந்துட்டான்டா.”

“எங்கடா போனே இத்தனை நாளா? போனும் எடுக்கல.”

“சரி சரி, வாசல்ல நில்லு. ரெடியா?”

மொத்தம் மூன்று பேர். கத்துகிறவன் பெயர் கோடாலி. கொட்டாவி விடுகிறவன் தூக்கம். இன்னொருத்தி பெயர் மருந்து. அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவள் வேலை. “குடிங்க” என்பதைத் தவிர அவள் வேறெதுவும் பேசி யாரும் கேட்டதில்லை. மூவரும் எந்த ஊர், என்ன வேலை, எப்படி இருப்பார்கள் என்று மகனுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். ஒருவரை ஒருவர் பார்த்திராத நான்கு பேர் சேர்ந்து ஒரு கோட்டையை வாசல் வாசலாகப் பிடிக்கிற விளையாட்டு. நான்கு பேரும் ‘ரெடி’ என்ற பட்டனை அமுக்கினால்தான் வாசல் திறக்கும். ஒருவர் அமுக்கவில்லையென்றால் மற்ற மூவரும் அங்கேயே நின்று அவரைத் திட்டிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அவர்களிடம் சொல்லிவிடுவது என்று அறிவிப்பாளர் முடிவு செய்தார். காத்திருப்பவர்களிடம் தகவல் சொல்லாமல் விடுவது அவர் தொழிலில் பாவம். வண்டி வராது என்பதைவிட, வருமா வராதா என்று தெரியாமல் நிற்பதுதான் பயணிக்குக் கொடுமை. இதைப் புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவர் சொல்வதுண்டு.

சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. ஸ்டேஷனில் மைக்குக்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு உண்டு. அது எரிந்தால் ஊரே கேட்கிறது என்று அர்த்தம். தும்மல் வந்தாலும் விழுங்கிவிட வேண்டும். சக அறிவிப்பாளர் ஒருவர் அதை அணைக்க மறந்துவிட்டு ஸ்டேஷன் மாஸ்டரின் தொப்பையைப் பற்றிப் பேசியதை எல்லா பிளாட்பாரமும் நின்று கேட்டது. நம்மவர் அப்படி ஒருநாளும் மாட்டியதில்லை. விளக்கு அணைந்திருக்கும்போது வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பார். தடுமாற்றமெல்லாம் அதோடு தீர்ந்துவிடும். பிறகு விளக்கைப் போட்டுக் கணீரென்று அறிவிப்பார்.

ஹெட்போனிலும் காதோரம் ஒரு பட்டன் இருந்தது. அமுக்கினால் குட்டிச் சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி அமுக்கினால் அணைந்தது. உலகத்தில் எங்கே போனாலும் மைக் மைக்தான் என்று அவருக்கு ஒரு தெம்பு வந்தது.

அன்று முதலில் விளக்கை அணைத்துவிட்டுச் சொல்லிப் பார்த்தார். ‘என் மகன்’ என்பது வரை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. மறுபடி ஆரம்பித்தார். ‘காய்ச்சல்ல’ என்று சொல்லி, மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்சநேரம் அழுதார். வீட்டில் அத்தனை கூட்டத்தில் அழாதவர் அன்றுதான் அழுதார். எழுந்து முகம் துடைத்துக்கொண்டு, முழுசாக ஒருமுறை சொல்லிப் பார்த்து, தொண்டையைச் செருமி, பட்டனை அமுக்கினார். சிவப்பு எரிந்தது.

“கனிவான கவனத்திற்கு. தாமதம் என்ற பெயரில் உங்களோடு விளையாடிவந்த என் மகன் இறந்துவிட்டான். நான் அவனுடைய அப்பா பேசுகிறேன்.”

ஒரு சொல் பிசகவில்லை. சொல்லிவிட்டுக் காத்திருந்தார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மூவரும் எழுந்து எங்கோ போய்விட்டார்களா என்று கூட நினைத்தார். கடைசியில் கோடாலியின் குரல் வந்தது. அவனுக்கு ஜலதோஷம் பிடித்திருந்தது போலிருக்கிறது, மூக்கடைத்துப் பேசினான்.

“தாமதம். ரெடியா?”

அறிவிப்பாளருக்குக் கோபம் வரவில்லை என்று சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் வரவில்லை. அறிவிப்பை யாரும் காதில் வாங்காதது அவருக்குப் பழகிப்போன விஷயம். வண்டி மூன்றாவது பிளாட்பாரத்துக்கு வருகிறது என்று தொண்டை கிழியச் சொல்லி முடித்த மறுநிமிஷம், வண்டி எங்கே வருகிறது என்று கண்ணாடியைத் தட்டிக் கேட்கிற ஜனங்களோடுதான் அவர் காலம் தள்ளியிருக்கிறார். மனிதர்களுக்குக் காது இருப்பது கம்மல் போடவும் கண்ணாடி மாட்டவும்தான் என்பது அவர் கருத்து.

மறுநாள் சாயங்காலம் டியூட்டி முடிந்து வந்ததும் மறுபடி போய் உட்கார்ந்தார். மறுபடி சொல்லிப் பார்த்தார், சிவப்பைப் போட்டார், அறிவித்தார். “ரெடியா?” என்றான் கோடாலி. அதற்கடுத்த நாள்தான் டைப் அடிக்கலாம் என்று முயன்று அரக்கன் முன்னால் ஆடியது.

மனைவி அந்த அறைக்குள் வருவதில்லை. மகன் போனதிலிருந்து அந்த நிலைப்படியை அவள் தாண்டவில்லை. வாசலில் நின்று, உள்ளே பார்க்காமல், கதவின் கொக்கியைப் பார்த்துக்கொண்டு பேசுவாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வதே குறைந்துபோயிருந்தது. எதைப் பேசினாலும் அது அவனிடம் போய் முடிந்தது, அதனால் உப்பு, பால், கரண்டு பில் என்று அவனைத் தொடாத பேச்சாகத் தேடித்தேடிப் பேசினார்கள்.

“சொல்லியாச்சா?” என்று கேட்டாள்.

சொல்லியாச்சு, அவர்கள் கேட்கவில்லை என்றார்.

“யார் பெத்த பிள்ளைங்களோ. காத்துக்கிட்டே இருக்கும். நல்லாக் கேக்கற மாதிரி சொல்லிடுங்க.”

ஒருவேளை மைக் கோளாறோ என்று சந்தேகம் வந்து, ஹெட்போனைக் கழற்றிக் கடைக்கு எடுத்துப்போனார். கடைக்காரர் தன் கம்ப்யூட்டரில் மாட்டி ஹலோ ஹலோ என்று பார்த்துவிட்டு, மைக் தங்கமாக இருக்கிறது என்றார். யாருக்குமே கேட்கவில்லையே என்று அறிவிப்பாளர் விடாமல் சொல்லவே, கூடவே வீட்டுக்கு வந்து எதையோ திருகி மைக்கின் சக்தியை உச்சத்துக்கு ஏற்றிவிட்டார். “இனிமே நீங்க மூச்சு விட்டாலும் அந்தப் பக்கம் கேக்கும்” என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டுப் போனார்.

அப்படியும் கேட்கவில்லை. சிவப்பைப் போட்டு இவர் எவ்வளவு கணீரென்று சொன்னாலும் கோடாலி தன் பாட்டுக்கு மருந்துக் குப்பி இருக்கிறதா, வாளைத் தீட்டினாயா, கேடயம் எங்கே என்று அதட்டிக்கொண்டிருந்தான்.

“தயாரா வராம என்னத்துக்கு வரணும்? நாங்க மூணு பேரு வேலை வெட்டி இல்லாமயா நிக்கறோம்? நாளைக்குப் பத்துக் குப்பியோட வா. ஒரு பேச்சும் வேணாம்.”

சிவப்பை அணைத்துவிட்டு, தனக்குள் பேசுவது போல் அறிவிப்பாளர் முணுமுணுத்தார். பொறுமை என்பது மருந்துக்குக்கூட இல்லாத பையன், பெற்றவர்கள் மரியாதை சொல்லித்தரவில்லை, அவ்வளவு பெரிய திரையில் எழுத்தை எறும்பு மாதிரி வைத்தால் எந்தக் குப்பியில் என்ன இருக்கிறது என்று எந்த மனுஷனுக்குத் தெரியும் என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார்.

மறுநாளிலிருந்து கோடாலி “ரெடியா இருக்கீங்களா?” என்று கேட்க ஆரம்பித்தான். தூக்கம், திரையில் தெரிகிற எழுத்தையெல்லாம் செய்தி வாசிப்பது போல உரக்கப் படித்துக்கொண்டே வந்தான். சிவப்புக் குப்பி உயிருக்கு, நீலக் குப்பி பலத்துக்கு, இடது பக்கம் கதவு, வலது பக்கம் பள்ளம். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாயை மூடிக்கொண்டு படிக்கத் தெரியவில்லை என்று அறிவிப்பாளர் வருத்தப்பட்டாலும், அவருக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. தயாராக வராததால்தானே இவர்கள் பேசவிடுவதில்லை? எல்லாம் தயாராக வைத்துக்கொண்டு போய் நின்றால் அதட்ட ஒன்றும் இருக்காது. அந்த இடைவெளியில் சொல்லிவிடலாம்.

இப்படித்தான், ஆயுளில் சீட்டாட்டம்கூட ஆடியறியாத ஒரு மனிதர் சாயங்காலமானால் காட்டில் மூலிகை பறிக்க ஆரம்பித்தார். மகனின் வீரனைக் கூட்டிக்கொண்டு குனிந்து குனிந்து பறித்தார். காய்ச்சிக் குப்பியில் அடைத்தார். எந்த அரக்கன் எந்தக் காலால் உதைப்பான் என்று வீடியோ பார்த்தார். ஸ்டேஷனில் வண்டி வராத நேரத்தில் அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார். ஒருநாள் ‘பயணிகள் இடது பக்கம் ஒதுங்கவும், அரக்கன்’ என்பது வரை வாய்க்கு வந்து, சிவப்பு விளக்கைப் பார்த்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பையில் முப்பது குப்பியோடு போய் நின்றார். இனி என்ன சொல்வாய் பார்ப்போம் என்று இருந்தது.

“அடேங்கப்பா, சூப்பர். அப்ப இனிமே நீங்கதான் முன்னாடி போகணும்” என்றான் கோடாலி. “அடுத்த வாசலுக்கு நாப்பது குப்பி.”

முன்னால் போகிறவனுக்கு மூச்சுவிட நேரமில்லை. தயாராக ஆக ஆக, தயாராக வேண்டியதும் கூடிக்கொண்டே போனது. ஒரு வாசல் திறந்தால் அதைவிடப் பெரிய அரக்கன் அடுத்த வாசலில் உட்கார்ந்திருந்தான். செய்தி அப்படியே நின்றது.

நடுவில் ஒருநாள் தூக்கம் விளையாட வரவில்லை. அவனுக்குப் பதில் வழியில் கிடைத்த ஒருவனைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று பார்த்து அறிவிப்பாளர் கண்ணாடியை எங்கோ வைத்துவிட்டு, தவறான குப்பியைக் குடித்துத் தானே தீப்பற்றிக்கொண்டார். வந்தவன் வாயில் வரக்கூடாத வார்த்தையெல்லாம் வந்தது. எதுவும் கற்றுக்கொள்ளாமல் வந்து பிறர் நேரத்தை வீணாக்கும் இந்த ஆளை ஒரு பட்டனில் தூக்கி வெளியே போடலாமே, ஏன் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டான். அடுத்த வினாடி அவனையே காணோம். “அவனுக்கு நெட் சரியில்ல” என்றான் கோடாலி.

ஒரு பட்டனில் ஆளை வெளியே போடலாம் என்பது அன்றுதான் அறிவிப்பாளருக்குத் தெரிந்தது. அப்படியானால் தன்னை ஏன் போடவில்லை என்று யோசித்தார். மகன் சேர்த்து வைத்திருந்த வாள் விலை மதிப்பில்லாதது, அதற்காகத்தான் இருக்கும் என்று முடிவுக்கு வந்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் காரியத்தில் கண்ணாக இருக்கிறார்கள்.

மனைவி தினமும் சாப்பிடக் கூப்பிடுவாள். இவர் ஹெட்போனும் காதுமாக, ஐந்து நிமிஷம் என்று சொல்வதற்குள் கோடாலியே, “எல்லாரும் போய்ச் சாப்பிட்டு வாங்க, எனக்குப் பசிக்குது” என்பான். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, தினமும். சரியான சாப்பாட்டு ராமன் என்று அறிவிப்பாளர் மனைவியிடம் சொன்னார். அவள் லேசாகச் சிரித்தாள். சிரித்துவிட்டோமே என்று பயந்தவள் போல உடனே நிறுத்திக்கொண்டாள்.

அதன்பிறகு அவள் நிலைப்படியில் நிற்கிற நேரம் கூடியது. எந்த வாசல், யார் செத்தது, அந்த வைத்தியப் பெண் இன்றைக்காவது பேசினாளா என்று கொக்கியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். ஒரு சாயங்காலம் தரையில் உட்கார்ந்துகொண்டாள், நிலைப்படிக்கு வெளியேதான்.

“இன்னைக்கும் சொல்லலையா?”

“எங்க விடறாங்க? வாயைத் திறந்தாலே ரெடியா ரெடியாங்கறாங்க.”

“அவங்க விடலையா, இல்ல நீங்க சொல்லலையா?”

திரையில் மகனின் வீரன் அவர் அடுத்து என்ன செய்யப்போகிறார் என்று காத்துக்கொண்டு நின்றான். மூச்சு வாங்குவது போல அவன் தோள்கள் ஏறி இறங்கின. யாரும் தொடாவிட்டாலும் அவன் அப்படித்தான் மூச்சு விடுவான். அதைப் பார்க்கவே இவர் சில நாள் சீக்கிரம் வந்து உட்காருவதுண்டு.

“சொல்லிட்டா அப்புறம் அவனை யாரு கூப்பிடுவாங்க?” என்றார். “நம்ம வீட்ல அவன் பேரை நீயும் சொல்றதில்ல, நானும் சொல்றதில்ல. ஆபீஸ்ல அவன் நாற்காலிக்கு வேற ஆள் வந்தாச்சு. இந்த மூணு பேருதான் தினமும் கூப்பிடறாங்க. வந்துட்டியா, சாப்பிட்டியா, ரெடியான்னு. அவன் இன்னும் எங்கயோ இருக்கற மாதிரி இருக்கு.”

அவள் அழ ஆரம்பித்தாள். அவரும் அழுதார். மகன் போன பிறகு முதல்முறையாக இருவரும் ஒரே நேரத்தில் அழுதார்கள்.

“மெதுவா” என்றாள் அவள், மூக்கைச் சிந்திக்கொண்டு. “அந்தப் பிள்ளைங்களுக்குக் கேட்டுடப் போகுது.”

“சிவப்பு எரியலையே. எரிஞ்சாத்தான் கேக்கும். மைக்கைப் பத்தி எனக்கே சொல்லித் தர்றியா?”

அழுகைக்கு நடுவிலும் அந்தத் தொழில் கர்வம் விடவில்லை.

“ஆனா இது தப்புங்க” என்றாள். “நம்ம பிள்ளை வருவான்னு நாம காத்துக்கிட்டு இருந்தோமே ஆஸ்பத்திரி வராந்தாவுல, உள்ளே எல்லாம் முடிஞ்ச பிறகும். அதை நாம யாருக்கும் செய்யக்கூடாது.”

இன்னும் ஒரே வாசல்தான் பாக்கி, கடைசி வாசல். நாளைக்கு விடுமுறை, மத்தியானமே உட்கார்ந்து அதை முடித்துவிடுவது. அதை முடித்துத் தருவதுதான் மகன் விட்டுப்போன வேலை. முடிந்ததும் அதட்ட யாருக்கும் ஒன்றும் இருக்காது, அப்போது சொல்லிவிடுவது, சொன்ன கையோடு கம்ப்யூட்டரை அணைத்துத் தங்கை பையனுக்குக் கொடுத்துவிடுவது. இவ்வளவையும் வாய்விட்டே பேசி, இருவரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள்.

மறுநாள் அறிவிப்பாளர் போருக்குப் போகிறவர் போலவே தயாரானார். குப்பிகள் நூறு. வாள் தீட்டியாயிற்று. அரக்கனின் ஒவ்வொரு உதையும் மனப்பாடம். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, கடைசி வாசலில் போய் நின்று, மற்றவர்களுக்கு முன்னால் ரெடி பட்டனை அமுக்கினார்.

மூவரும் வந்தார்கள். ஒருவரும் அமுக்கவில்லை.

“என் கோடாலி மொக்கையா இருக்கு” என்றான் கோடாலி. “தீட்டணும்.”

தீட்டிவிட்டு வந்தான். தூக்கத்திடம் குப்பி தீர்ந்துபோயிருந்தது. நேற்றுவரை எல்லாரையும்விட அதிகம் வைத்திருந்தவன் அவன்தான். எங்கே போயிற்று என்றால், கீழே கொட்டிவிட்டது என்றான். அறிவிப்பாளர் தன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதற்குள் கோடாலிக்குக் கேடயம் தொலைந்தது. கேடயம் கிடைத்ததும் தூக்கத்துக்குக் கை வலித்தது. மருந்து ஒன்றும் சொல்லாமல், பட்டனையும் அமுக்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இந்த வாசலை அடுத்த மாசம் பாத்துக்கலாமே” என்றான் கோடாலி. “நமக்கு இன்னும் பயிற்சி பத்தாதுங்க. நாளைக்கு மறுபடி முதல் வாசல்லேர்ந்து வரலாம்.”

வாழ்நாள் முழுக்க ஊருக்குப் பொறுமை சொன்ன மனிதருக்கு அன்று பொறுமை போயிற்று. தயாராக வா தயாராக வா என்று எத்தனை நாள் ஆட்டிவைத்தார்கள். தயாராக வந்து நின்றால் கை வலிக்கிறதாம். இன்று சொல்லாவிட்டால் இனி சொல்லவே மாட்டோம் என்று அவருக்குத் தெரிந்தது. சொல்லிப் பார்க்காமலே, தொண்டையைச் செருமாமலே, பட்டனை அமுக்கினார். சிவப்பு எரிந்தது.

“கனிவான கவனத்திற்கு. என் மகன் இனி வரமாட்டான். அவன் இறந்துவிட்டான். இத்தனை நாளும் அவன் பெயரில் வந்தது அவனுடைய அப்பா. உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும், மனம் வரவில்லை. நீங்கள் அவனைக் கூப்பிடுவது கேட்க நன்றாக இருந்தது. ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறேன்.”

அவர் அறிவிப்பாளராக வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து அந்த வாக்கியத்தை வருந்துகிறோம் என்றுதான் முடித்திருக்கிறார். தனக்காக வருந்தியது அதுதான் முதல் தடவை.

காத்திருந்தார்.

“கேடயத்தோட வார் அறுந்திருக்குடா, கொஞ்சம் பொறுங்க” என்றான் கோடாலி. தூக்கம் கொட்டாவி விட்டான்.

அறிவிப்பாளர் பட்டனை அமுக்கிச் சிவப்பை அணைத்தார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. மனைவி நிலைப்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தாள். மகனின் கட்டிலைக் கையால் தடவிவிட்டு, அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

“சொல்லிட்டீங்களா?”

“சொல்லிட்டேன்.”

“என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. கேடயத்தோட வார் அறுந்துபோச்சாம்.” கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் போட்டார். “இத்தனை நாள் கூடவே இருந்த பிள்ளைங்க. அவனுக்காக ஐயோன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஒருத்தரும் காதுல வாங்கல.”

மேஜைமேல் கிடந்த ஹெட்போனிலிருந்து எறும்பு பேசுவது போல ஒரு குரல் வந்தது. யார் குரல் என்று முதலில் பிடிபடவில்லை. அணைப்பதற்காகக் கம்ப்யூட்டர் பக்கம் கையை நீட்டியவர் நிறுத்தினார். மனைவி எழுந்து வந்து ஹெட்போனை எடுத்து, இருவர் காதுக்கும் நடுவில் பிடித்தாள். ‘குடிங்க’ என்பதைத் தவிர எதுவும் பேசாத மருந்து, அழுதுகொண்டே பேசினாள்.

“அப்பா, சிவப்பு எரிஞ்சா மைக் ஆஃப். எரியாதப்போ நீங்களும் அம்மாவும் பேசினதெல்லாம் முதல் நாள்லேர்ந்தே எங்களுக்குக் கேட்டுச்சு, நீங்க சொல்லி முடிச்சிட்டா அப்புறம் வரமாட்டீங்களேன்னுதான் நாங்க ரெடியா ரெடியான்னு கத்திக்கிட்டே இருந்தோம்.”